கடவுள், காலநிலை, மின்சாரம், சாதி: இணையத்தில் உருப்படியாக வாதிட ஒரு முழு வழிகாட்டி

தமிழ் இணையத்தை எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் நான்கு வாதங்களில் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். கடவுள் உண்டா, இல்லையா? பூமி சூடாவதற்கு மனிதர்தான் காரணமா? அணுமின்சாரமா, காற்றாலையா, நிலக்கரியா? பிறந்த சாதியால் ஒருவருக்கு இன்னும் வசதி கிடைக்கிறதா? பெரும்பாலும் இவை நூறு கமெண்ட் தாண்டி, இரண்டு பேர் ஒருவரையொருவர் பிளாக் செய்து, யாருக்கும் புதிதாக எதுவும் தெரியாமல் முடிந்துபோகின்றன.

ஆனால் இவை வெட்டிப் பேச்சு இல்லை. எண்ணூரில் யார் வீட்டுக் கூரையில் நிலக்கரிச் சாம்பல் படிகிறது, கருவறைக்குள் யார் நிற்கலாம், மருத்துவக் கல்லூரியில் யாருக்கு இடம் என்பதெல்லாம் இந்தப் பேச்சுகளோடு கட்டப்பட்டவை. அதனால் ஒதுங்கிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறங்கி வாதிடுங்கள், ஆனால் நன்றாக வாதிடுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த நான்கு வாதங்களிலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே கோளாறுதான். ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வகையான விஷயங்கள் சுருண்டு கிடக்கின்றன. சில, அளந்து பார்த்துச் சொல்ல வேண்டியவை. சில, எது முக்கியம் என்று நாம் கூடித் தீர்மானிக்க வேண்டியவை. சில, பட்டவர் சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியக்கூடியவை. ஒருவர் ஒன்றைப் பற்றிப் பேச, எதிரில் இருப்பவர் இன்னொன்றுக்குப் பதில் சொல்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும், ஆனால் இரண்டும் எங்கேயும் சந்திக்காது.

முதல் படி: வாக்கியத்தைப் பிரித்துப் போடுங்கள்

கூடங்குளத்தை எடுத்துக்கொள்வோம். "கூடங்குளம் வேண்டாம்" என்று ஒருவர் எழுதுகிறார். "நிலக்கரியைவிட அணுமின்சாரம் சுத்தமானது, அறிவியல் தெரியாமல் பேசாதே" என்று இன்னொருவர் பாய்கிறார்.

இரண்டாமவர் சொல்வதில் முதல் பாதி அளக்கக்கூடியது, அளந்தும் இருக்கிறார்கள். சுரங்கம் தோண்டுவது முதல் ஆலையைக் கலைப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி வெளியிடும் கரியமிலம் 820 கிராம், அணுமின்சாரம் வெளியிடுவது 12 கிராம். இது ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2014இல் வெளியிட்ட நடுமதிப்பு. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுஉலை விபத்தில்கூட, கதிர்வீச்சால் நேரடியாக இறந்தவர்களைவிட மக்களை அவசரமாக இடம்பெயர்த்ததன் விளைவாக இறந்தவர்கள்தான் மிக அதிகம்.

ஆனால் ஆலைக்கு அருகிலுள்ள இடிந்தகரை மக்கள் கேட்டது இதை மட்டுமா? ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் 1988இல் ஒப்பந்தம் போட்டார்கள். கட்டுமானம் 2002இல் தொடங்கியது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்த பிறகு, கடலோர மீனவர்கள் "எங்களை யார் கேட்டார்கள்?" என்று பெருந்திரளாக உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆலையை அனுமதித்தது. கூடவே பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்து, போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. மின்சாரம் எங்கோ போகிறது, ஆபத்து வந்தால் எங்கள் கடலுக்கு வருகிறது என்ற மனக்குறைக்கு 12 கிராம் என்ற எண் பதில் ஆகாது. அதேபோல், மக்களைக் கேட்கவில்லை என்ற அநியாயம் 12 கிராம் என்ற எண்ணைப் பொய்யாக்கவும் செய்யாது.

எனவே கமெண்ட் போடும் முன், எதிரில் உள்ள வாக்கியத்தை மனதிலாவது உடைத்துப் பாருங்கள். இதில் எது அளவு, எது மதிப்பு, எது அனுபவம்? அப்புறம் எந்தத் துண்டுக்குப் பதில் சொல்லப்போகிறீர்கள் என்பதை வெளிப்படையாகவே எழுதுங்கள். "மக்களிடம் கேட்கவில்லை என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இந்த ஆலை நிலக்கரி ஆலையைவிட அதிகம் பேரைக் கொல்கிறது என்பது சரியில்லை, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்." இந்த இரண்டு வரி ஐம்பது கமெண்டை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் படி: அவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லுங்கள்

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் மாமா ஒருவர், "காலநிலை மாற்றம்னு சொல்றதெல்லாம் வெள்ளைக்காரன் நம்மள முன்னேற விடாம பண்ற வேலை" என்று போடுகிறார். உடனே நாசா படத்தை ஒட்டாதீர்கள். முதலில் கேளுங்கள்: "மாமா, பூமி சூடாகவே இல்லைன்னு சொல்றீங்களா, இல்ல சூடாகுது, ஆனா பழியை நம்ம மேல போடறது அநியாயம்னு சொல்றீங்களா?"

அவர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறார். அப்படியென்றால் அவர் பக்கம் பலமான நியாயம் இருக்கிறது. மொத்தக் கரியமில வெளியேற்றத்தில் இந்தியா உலகில் மூன்றாம் இடம். ஆனால் தலைக்கு என்று பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2 டன். அமெரிக்கர் ஒருவருக்குச் சுமார் 14 டன். உலகச் சராசரியே 4 டன்னுக்கு மேல். இந்த மூன்றையும் நீங்களே எடுத்து வைத்தால், மாமா சண்டைக்கு வந்தவர் உரையாடலுக்கு வந்துவிடுவார். "சரி, அவன் அதிகம் பண்ணான்னு வெச்சுக்குவோம். ஆனா வெயில்ல வேலை செய்யறவன் நம்ம ஊர் ஆள்தானே மாமா, அவனுக்கு என்ன செய்யறது?" என்று அடுத்த கேள்விக்குப் போகலாம்.

வயதில் மூத்தவரிடம் "நீங்கள் தவறு" என்று குழுவில் எழுதுவதும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதும் ஒன்றல்ல. இருபது உறவினர் பார்க்கும் இடத்தில் அவர் பின்வாங்க மாட்டார். எண்ணைக் குழுவில் போடுங்கள், மறுப்பைத் தனிச் செய்தியில் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவரோடு பொதுவெளியில் வாதிடும்போது இது தலைகீழ். அங்கே உங்கள் பதில் எதிரில் இருப்பவருக்கு மட்டுமானதில்லை, பதில் போடாமல் படித்துக்கொண்டிருக்கும் பலருக்கும் உரியது. அவர்களுக்குப் புரியும்படி எழுதுங்கள்.

இன்னொன்று. ஒருமையில் இறங்காதீர்கள். எதிராளி "டேய்" என்றாலும் நீங்கள் "நீங்கள்" என்றே தொடருங்கள். சங்கி, உபி, போலி முற்போக்கு, அர்பன் நக்சல் போன்ற பட்டங்களை ஒட்டிய அடுத்த நொடியே அவர் தன் கருத்தை விட்டுவிட்டுத் தன் கூட்டத்தைக் காக்கப் போய்விடுவார்.

மூன்றாம் படி: காலநிலையில் கைரேகைகளைக் காட்டுங்கள்

"97 சதவீத விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்" என்று தொடங்காதீர்கள். நம்பாதவருக்கு அது இன்னொரு அதிகாரம் மட்டுமே. எப்படித் தெரியும் என்பதைச் சொல்லுங்கள். அது உண்மையிலேயே அழகான கதை.

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை யூனிஸ் ஃபுட் 1856இலும் ஜான் டிண்டல் 1859இலும் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். நிலக்கரியை எரித்தால் பூமி சூடாகும் அளவை ஸ்வான்டே அரேனியஸ் 1896இல் கையால் கணக்கிட்டார். சூரியமின் நிறுவனங்கள், ஐநா எதுவுமே அப்போது இல்லை. சதி என்பவரிடம் முதலில் இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

அடுத்து அளவு. சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கரியமிலம் இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அன்டார்க்டிகப் பனிக்குள் சிக்கிய பழங்காற்றைப் பார்த்தால், கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் தொழிற்புரட்சிக்கு முன் அது சுமார் 300ஐத் தாண்டியதே இல்லை.

"காலநிலை எப்பவும் மாறிக்கிட்டுதானே இருக்கு" என்பார்கள். ஆம், மாறியது. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது, இம்முறை காரணம் யார் என்பதுதான் கேள்வி. "சூரியன்தான்" என்றால், 1970களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை அளக்கின்றன, அதில் ஏறுமுகம் இல்லை. மேலும் சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. வெப்பம் கீழேயே பிடித்து வைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. "எரிமலை" என்றால், உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கரியமிலம் மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. கூடவே, காற்றில் சேரும் கரிமத்தின் ஐசோடோப் விகிதம் (எடை வேறுபட்ட கரிம அணுக்களின் விகிதம்) அது பழைய தாவரங்களிலிருந்து, அதாவது நிலக்கரி, எண்ணெயிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பதிவில் கொட்டாதீர்கள். அவர் எதைக் கேட்டாரோ அதற்கு ஒன்று போதும்.

இங்கே நம் பக்கத்தாரிடமும் கறாராக இருக்க வேண்டும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை மூழ்கியது. தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை. "இது காலநிலை மாற்றம்தான்" என்று இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் அந்த மழையைக் குறிப்பாக ஆராய்ந்த விஞ்ஞானிகள், அதில் புவி வெப்பமாதலின் தடம் தெளிவாகத் தெரியவில்லை என்றே 2016இல் எழுதினார்கள். மறுபக்கம், செம்பரம்பாக்கம் ஏரி நீர் திறக்கப்பட்ட விதத்தையும் அடையாற்றுப் படுகையில் எழும்பிய கட்டடங்களையும் பார்த்து, இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை. எல்லா வெள்ளத்தையும் காலநிலையின் தலையில் கட்டினால், ஏரியைத் தூர்த்தவர்களும் மதகை நிர்வகித்தவர்களும் தப்பித்துவிடுகிறார்கள். இதை எடுத்துச் சொல்வது காலநிலை வாதத்தைப் பலவீனமாக்கும் என்று நான் நினைக்கவில்லை. எண்ணைத் தனக்குச் சாதகமாக மட்டும் எடுக்காதவர் என்ற பெயர் கிடைத்தால், அடுத்த முறை நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

அதேபோல 2024ஐப் பற்றி. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஓர் ஆண்டின் சராசரி வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் ஆண்டு அது. உடனே "பாரிஸ் ஒப்பந்தம் உடைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். அந்த ஒப்பந்தம் வைத்த 1.5 டிகிரி இலக்கு பல ஆண்டுச் சராசரிக்கானது.

நான்காம் படி: மின்சாரத்தில் மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்பாதீர்கள்

எரிசக்தி வாதங்களில் பாதிச் சண்டை இந்த ஒரு குழப்பத்தால் வருகிறது. மெகாவாட் என்பது ஓர் ஆலை உச்சத்தில் எவ்வளவு தர முடியும் என்பது. யூனிட் என்பது உண்மையில் எவ்வளவு தந்தது என்பது.

ராமநாதபுரம் கமுதியில் 2016இல் தொடங்கிய சூரியமின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் அலகு 1000 மெகாவாட். பார்த்தவுடன் கமுதி மூன்றில் இரண்டு கூடங்குளம் என்று தோன்றும். ஆனால் சூரியன் இரவில் இல்லை, மேகம் உண்டு. ஆண்டு முழுவதும் சராசரி எடுத்தால் சூரியமின் நிலையம் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் தரும். அப்படியென்றால் கமுதி நாளொன்றுக்குச் சுமார் 31 லட்சம் யூனிட். கூடங்குளத்தின் ஓர் அலகு முழுவீச்சில் ஓடினால் 240 லட்சம் யூனிட். எட்டில் ஒன்றுதான்.

இதைக் கேட்டவுடன் அணுமின் ஆதரவாளர் வெற்றி என்று துள்ளக் கூடாது. கமுதி சில மாதங்களில் எழும்பியது. கூடங்குளத்தின் முதல் அலகு 2002இல் கட்டத் தொடங்கி 2013 அக்டோபரில்தான் மின்தொகுப்பில் இணைந்தது. ராஜஸ்தானின் பட்லாவில் 2017 ஏலத்திலேயே சூரியமின்சாரம் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு வந்துவிட்டது. எனவே எது வேகமாக வரும், எது மலிவு, எது இரவில் கிடைக்கும் என்று மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே பதில் இல்லை.

செய்தித் தலைப்புகளையும் இதே கண்ணோடு படியுங்கள். இந்தியாவின் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாத வழிகளில் வந்துவிட்டது என்று 2025இல் அரசு அறிவித்தது. உண்மைதான், ஆனால் அது மெகாவாட் கணக்கு. யூனிட் கணக்கில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஒருவர் "பாதி பசுமை" என்றும் இன்னொருவர் "இன்னும் எல்லாம் நிலக்கரி" என்றும் அடித்துக்கொள்ளும்போது, இரண்டும் எதை அளக்கின்றன என்று ஒருவர் வந்து சொன்னால் போதும்.

நேரமும் பருவமும் முக்கியம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை கொட்டிக் கொடுக்கும், அப்புறம் ஓய்ந்துவிடும். "காற்றாலை இருக்கும்போது நிலக்கரி எதற்கு?" என்ற கேள்விக்கு, பிப்ரவரி மாலை ஏழு மணிக்கு என்ன செய்வது என்பதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். சேமிப்பு மின்கலம், நீரேற்று மின்நிலையம், மற்ற மாநிலங்களிலிருந்து வாங்குவது என்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விலையும் உண்டு.

எண்கள் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும், அதைக் கேட்காமல் விடாதீர்கள்: சுமை யார் தலையில்? எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கரைந்து மீன்பாடு குறைந்தால் இழப்பது அங்கே வலை வீசுபவர். அண்ணா நகரிலோ அடையாற்றிலோ ஏசி போடுபவருக்கு அந்தச் சாம்பல் தெரியவே தெரியாது. இது அளவில் தீராது. இது எது நியாயம் என்ற கேள்வி, அதை அந்தப் பெயரிலேயே எழுப்புங்கள். நகரத்தில் உட்கார்ந்து எரிசக்தியைப் பற்றி எழுதும் நம் எல்லோருக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது.

ஐந்தாம் படி: நம்பிக்கையில், எது விவாதத்துக்கு வருகிறது என்று பாருங்கள்

"முருகன் என் கூடவே இருக்கிறான், அம்மா இறந்தபோது அந்த நம்பிக்கைதான் என்னைத் தாங்கியது" என்று ஒருவர் எழுதினால், அங்கே போய்க் கடவுள் இல்லை என்று நிரூபிக்காதீர்கள். அவர் தன் துக்கத்தைச் சொன்னார், உங்களிடம் எதையும் கேட்கவில்லை. "இந்தத் தீர்த்தம் புற்றுநோயைக் குணமாக்கும், கீமோ வேண்டாம்" என்று எழுதினால் அது வேறு. அது அளக்கக்கூடிய கூற்று, அதை நம்பி ஓர் உயிர் போகலாம். அங்கே தயங்காமல், மரியாதையோடு, உடனே மறுக்க வேண்டும்.

அளக்கக்கூடிய கூற்றுக்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1995 செப்டம்பர் 21இல் பிள்ளையார் சிலைகள் பால் குடிப்பதாக நாடு முழுதும் பரவியது. விஞ்ஞானிகள் பக்தர்களைத் திட்டவில்லை. நிறம் கலந்த பாலைச் சிலையருகே ஊட்டிக் காட்டினார்கள். பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து வெளியேறிய பால் மெல்லிய படலமாகச் சிலை மேல் வழிவதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். செய்து காட்டுவதுதான் வழி. "நம் முன்னோர் அப்போதே கண்டுபிடித்தார்கள்" வகைப் பதிவுகளுக்கும் இதே போல் நிதானமாகக் கேளுங்கள்: எந்த நூல், எந்தப் பாடல், அதில் உள்ள அளவு என்ன?

மூன்றாவது வகை, உரிமை. கடவுள் உண்டா என்பதைத் தீர்க்காமலே இதைப் பேசலாம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்கான 1924 வைக்கம் போராட்டத்தில் பெரியார் சிறை சென்றார். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றவர் அ. வைத்தியநாத ஐயர், ஆழ்ந்த பக்தர். பின்னாளில் கடவுளை மறுத்தவரும் கடைசிவரை வணங்கியவரும் ஒரே கதவைத்தான் தட்டினார்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினரை அர்ச்சகர்களாக நியமித்தபோது, வாதம் மீண்டும் "உனக்குத்தான் கடவுளே கிடையாதே, உனக்கென்ன?" என்று திரும்பியது. அப்போது சொல்ல வேண்டியது, நியமனம் கேட்டவர்கள் பக்தர்கள் என்பதைத்தான்.

அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மத உரிமையைத் தருகிறது. 51ஏ பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமை என்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன, ஒன்றை வைத்து மற்றதை அடிக்க வேண்டியதில்லை.

தன் சமூகத்துக்குள்ளேயே நம்பிக்கையை விட்டவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 மார்ச்சில் கோவையில் கடவுள் மறுப்புக் கருத்துகளை எழுதிவந்த இளைஞர் ஒருவர் அதற்காகவே கொல்லப்பட்டார். அப்படி ஒருவர் புனைபெயரில் எழுதினால், "தைரியம் இருந்தால் உண்மைப் பெயரில் வா" என்று சவால் விடாதீர்கள். அவருடைய ஊரையோ வேலையையோ தெரியாத்தனமாகக்கூட வெளியே சொல்லிவிடாதீர்கள்.

ஆறாம் படி: சாதி தரும் வசதியைப் பற்றி

இதுதான் மிகக் கடினம். காரணம், "உங்களுக்குப் பிறப்பால் வசதி கிடைத்தது" என்று கேட்பவருக்கு "நீ உழைக்கவில்லை" என்று காதில் விழுகிறது. வறுமையில் வளர்ந்த ஒருவர் அதற்குக் கொதிப்பது இயல்பு. அவருடைய வறுமையை மறுக்காமல் தொடங்குங்கள். "நீங்கள் பட்ட கஷ்டம் நிஜம். அதோடு சேர்ந்து, வாடகை வீடு தேடும்போது சாதி கேட்டு யாராவது கதவை மூடினார்களா? டீக்கடையில் தனி டம்ளர் நீட்டினார்களா? அந்த ஒரு தடை இல்லாமல் இருந்ததைத்தான் சொல்கிறேன்." இப்படிக் கேட்டால், அவர் உழைப்பு அவரிடமே இருக்கும், பேச்சும் தொடரும்.

இடஒதுக்கீட்டு வாதத்துக்கு அடிப்படை எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள். தமிழ்நாட்டில் மொத்தம் 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. முப்பதுக்குள் இஸ்லாமியருக்கு 3.5, பதினெட்டுக்குள் அருந்ததியருக்கு 3. உச்ச நீதிமன்றம் 1992இல் 50 சதவீத வரம்பு விதித்த பிறகு, 1994இல் தனிச் சட்டம் இயற்றி அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துக் காத்துக்கொண்டது தமிழ்நாடு. "எல்லாத்தையும் எஸ்சிக்கே கொடுத்துட்டாங்க" என்று எழுதுபவருக்கு இந்தப் பட்டியலே பதில். பலருக்குத் தாங்களே 30க்குள்ளோ 20க்குள்ளோ இருப்பது அப்போதுதான் உறைக்கும்.

"பொருளாதார அடிப்படையில் கொடுங்க" என்பார்கள். 2019இல் அரசியல் சட்டத்தின் 103ஆம் திருத்தம் முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 10 சதவீதம் கொடுத்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ஏற்றது. அதற்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். மாதம் அறுபதாயிரத்துக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பமும் இதில் ஏழைக் குடும்பம் ஆகிறது. இதைச் சொல்லிவிட்டு, ஏழ்மையை எப்படி அளப்பது என்று எதிரில் இருப்பவரையே கேளுங்கள். அங்கிருந்து வாதம் உண்மையிலேயே நகரும்.

தகுதி பற்றிப் பேசும்போது, அந்த மதிப்பெண் எதை அளந்தது என்று கேளுங்கள். இரண்டு வருடக் கோச்சிங் போனவரின் மதிப்பெண்ணும், வீட்டில் முதலாவதாகப் பன்னிரண்டாம் வகுப்பு எட்டியவரின் மதிப்பெண்ணும் ஒரே தாளில் வந்தாலும் ஒரே தூரத்தை அளக்கவில்லை. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் கொண்டுவந்தது இதை உணர்ந்துதான்.

சமூக நீதி பேசும் நம் ஆட்களில் பலர் இங்கேதான் நிற்க மறுக்கிறார்கள்: வசதி படிப்படியானது. மேலே இருப்பவனிடம் அவமானப்பட்டவன் கீழே இருப்பவனுக்கு அதையே செய்ய முடியும். மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் மற்ற ஐவரும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டது அந்தப் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதற்காக. அவர்களைக் கொன்றவர்கள் ஒதுக்கீட்டுப் பட்டியலிலேயே இடம்பெற்ற சாதியைச் சேர்ந்தவர்கள். "நாங்களும் பிற்படுத்தப்பட்டவர்கள்தான்" என்பது ஒருவரின் கடனை அடைத்துவிடாது. பிராமண எதிர்ப்பை உரக்கப் பேசிவிட்டுத் தன் ஊர்ச் சேரியைப் பற்றி வாய் திறக்காத பதிவைப் பார்த்தால், மரியாதையோடு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேட்பவர் அதே சாதிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

அனுபவத்தைப் பற்றி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். "அப்படி நடந்ததுக்கு ஆதாரம் என்ன?" என்று ஒரு தலித் பெண்ணிடம் அவர் பட்ட அவமானத்துக்கு ஆவணம் கேட்காதீர்கள். புள்ளிவிவரம் சொன்னால் புள்ளிவிவரத்துக்கு ஆதாரம் கேளுங்கள், அது சரி. தன் காயத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டும் வேலையை அவர் தலையில் போடாதீர்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் போய் எண்ணையும் சட்டத்தையும் எடுத்து வைக்கலாம்.

ஏழாம் படி: ஃபார்வர்டைச் சோதிப்பது

இது சுருக்கமானது. படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டு முதலில் எப்போது வந்தது என்று பாருங்கள், பழைய வெள்ளப் படம் ஒவ்வொரு மழைக்கும் திரும்பி வரும். எண் என்றால் எந்த ஆண்டு, எந்த இடம், தலைக்கா மொத்தமா என்று மூன்று கேள்வி. "ஆய்வு சொல்கிறது" என்றால் யாருடைய ஆய்வு என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் பகிராதீர்கள், உங்கள் கட்சிக்குச் சாதகமானதாக இருந்தாலும்.

எட்டாம் படி: எப்போது நிறுத்துவது, எப்படிப் பாதுகாத்துக்கொள்வது

தொடங்கும்போதே எதிராளியிடம் ஒன்று கேட்கலாம்: "எதைக் காட்டினால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" உங்கள் பக்கத்துப் பதிலையும் சேர்த்தே எழுதுங்கள். "எதைக் காட்டினாலும் மாட்டேன்" என்றால், வணக்கம் சொல்லி விலகலாம். ஒரே வாதம் மூன்றாவது முறை வந்தாலும் அப்படியே. விலகும்போது எதில் ஒத்துப்போனோம், எதில் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள், பின்னால் படிப்பவருக்கு அது உதவும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் எரிச்சலூட்டும் பதிவு போட்டாலே கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. ஆனால் மத உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்துவதற்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக உயிரோடு இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. கருத்தை விமர்சிப்பதும் வழிபடுபவரை இழிவுபடுத்துவதும் வேறு என்ற கோட்டை அறத்துக்காகவும் சட்டத்துக்காகவும் காத்துக்கொள்ளுங்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரலாம். எதிராளி அப்படிச் செய்தால் அதைச் சகித்துக்கொண்டு வாதத்தைத் தொடர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

மிரட்டல் வந்தால் பதில் போடாதீர்கள். முதலில் பெயர், நேரம், இணைப்பு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன் பிறகு பிளாக் செய்யுங்கள், முதலில் பிளாக் செய்தால் சில தளங்களில் அந்தப் பதிவையே திரும்பப் பார்க்க முடியாது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அப்புறம் தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பெண்களுக்கும் தலித்துகளுக்கும் சிறுபான்மையினருக்கும் இந்த மிரட்டல் மற்றவர்களைவிட அதிகமாகவும் அசிங்கமாகவும் வருகிறது. அப்படி ஒருவருக்கு வருவதைப் பார்த்தால், அந்த இழையில் அவரோடு நின்று ஒரு பதில் எழுதுங்கள், தனிச் செய்தியில் ஆதாரம் எடுத்து வைக்க உதவட்டுமா என்றும் கேளுங்கள்.